பழைய வண்டி சூடாகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் கோயில் வாசலிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பார்ப்பவர்கள் நலம் விசாரித்த கையோடு கேட்பது வண்டி சூடாகிற கதையைத்தான். டிசம்பர் லீவுக்கு முன்னாலும், ஈஸ்டரில் மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் திருவிழாவுக்கு ஜோபர்க்கிலிருந்து (ஜோஹன்னஸ்பர்க்) ஆட்கள் இறங்கி வரும் நேரத்திலும் ஃபோன் ஓயாது. எல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள் என்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லி வைக்கிறேன். நம் பக்கம் இன்னும் ஓடுகிற சிட்டி கோல்ஃப், டாஸ், பழைய கொரோலா, மஸ்டா 323, நிசான் 1400 பக்கி (பின்னால் திறந்த சின்ன லோடு வண்டி) மாதிரி வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது.

படிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வண்டி எப்போது சூடாகிறது? நிற்கும்போதா, வேகமாகப் போகும்போதா, மேடு ஏறும்போதா, கிளம்பிய ஐந்து நிமிஷத்திலா? பாதி விடை அதிலேயே இருக்கிறது. கராஜில் போய் "ஓவர்ஹீட் ஆகுது" என்று மட்டும் சொன்னால் அவர்கள் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பார்கள், செலவு உங்களுடையது.

முள் எதுவரைக்கும் போனால் பயப்படணும்?

பெரும்பாலான பழைய வண்டிகளில் எஞ்சின் தண்ணீர் 80க்கு மேல் தொடங்கி 95 டிகிரி வரைக்கும் இருப்பது சகஜம், முள் நடுவில் நிற்கும். ஆனால் ஒவ்வொரு மீட்டரும் ஒவ்வொரு விதம், அதனால் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உங்கள் வண்டியில் முள் வழக்கமாக எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு. அந்த இடத்தைத் தாண்டி ஏறி, இறங்காமல் நின்றால் ஏதோ ஒன்று கெட ஆரம்பித்திருக்கிறது.

முள் மேலே போய்விட்டு, வண்டி நிற்காமலேயே சடாரென்று கீழே விழுந்தால் "அப்பாடா" என்று மூச்சு விடாதீர்கள். சூட்டை அளக்கிற சென்சார் தண்ணீரில் முங்கி இருந்தால்தான் ஒழுங்காகக் காட்டும். தண்ணீர் முழுக்க வெளியே போய்விட்டால் அது காற்றில் தொங்கும், முள் குளிர்ந்த பக்கம் வரும், உள்ளே எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். அந்த நொடியே ஓரம் கட்டி நிறுத்துங்கள்.

ரோட்டில் போகும்போதே ஏறுது, அந்த நிமிஷம் என்ன செய்யறது?

ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து அதன் ஃபேனையும் முழு வேகத்தில் போடுங்கள், கண்ணாடியை இறக்குங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வண்டிக்குள் இழுத்துவிடும். டர்பன் வெயிலில் அது கொடுமை, ஆனால் அடுத்த எக்ஸிட் வரைக்கும் போய்ச் சேர அது போதும். நிற்கும்போதுதான் சூடாகிறது என்றால் இஞ்ச் இஞ்சாக முன்னால் நகராமல் நியூட்ரலில் வைத்துக் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுங்கள், வாட்டர் பம்ப் வேகமாகச் சுற்றும்.

ஆவி வந்துவிட்டால், அல்லது முள் உச்சிக்குப் போய்விட்டால், எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டிப் போனவர்களுடைய சிலிண்டர் ஹெட்தான் (எஞ்சினின் மேல் பாகம்) கராஜில் வந்து கிடக்கிறது. ஜோபர்க் போகிற என்3 மாதிரி பெரிய ரோட்டில் மஞ்சள் கோட்டுக்கு இடது பக்கம் முழுக்க ஒதுங்கி, முக்கோணத்தைக் குறைந்தது 45 மீட்டர் பின்னால் வைத்து, பிள்ளைகளை இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். வண்டியைவிட லாரிகள் ஆபத்தானவை.

ரேடியேட்டர் மூடியை எப்ப திறக்கலாம்? ஈரத்துணி போட்டுத் திறந்தா போதாதா?

போதாது. இதில் கையும் முகமும் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து விளையாடாதீர்கள். மூடி தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. ஒரு பார் அழுத்தம் தாங்குகிற மூடி இருந்தால் தண்ணீர் 100ல் கொதிக்காமல் சுமார் 120 டிகிரி வரைக்கும் தண்ணீராகவே இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும், அந்த 110, 115 டிகிரித் தண்ணீர் அதே கணத்தில் கொதித்து ஆவியாகி மேலே பாயும். ஈரத்துணி எதைத் தடுக்கும்?

குறைந்தது அரைமணி நேரம் விடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள்: கை சுடாமல், அமுக்கினால் மெத்தென்று அமுங்கினால் உள்ளே அழுத்தம் இல்லை என்று அர்த்தம். அதற்கு அப்புறம் தடித்த துணியைப் போட்டு முதல் பிடிமானம் வரைக்கும் மட்டும் திருப்பி, சீறல் நின்றதும் முழுக்கத் திறவுங்கள். கோல்ஃபில் மூடி அந்த உருண்டை பிளாஸ்டிக் டப்பாவின் மேல் இருக்கும், மெதுவாகத் திருகினால் அழுத்தம் தானாக இறங்கும்.

சூடான எஞ்சின்ல பச்சைத் தண்ணி ஊத்தினா வெடிச்சிடுமாமே?

வெடிக்காது, விரிசல் விடலாம். இந்த வண்டிகளில் ஹெட் அலுமினியம், கீழே பிளாக் வார்ப்பிரும்பு. இரண்டும் சூட்டில் விரிவது ஒரே அளவில் இல்லை. காய்ந்த ஹெட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது சட்டென்று சுருங்கி வளைந்துபோகும், வால்வுகளுக்கு நடுவே விரிசலும் விழும். ஆற விட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வண்டியில் எப்போதும் ஐந்து லிட்டர் தண்ணீர் இருக்கட்டும்.

அண்ணா, ஓடும்போது ஒண்ணும் இல்ல, ரோபாட்டுல (சிக்னல்ல) நின்னாத்தான் ஏறுது. ஏன்?

ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, நின்றால் அந்த வேலை ஃபேனுடையது. ஆக ஃபேன் சுற்றவில்லை. இதைவிடத் தெளிவான அறிகுறி இந்த விஷயத்தில் வேறு இல்லை, ரேடியேட்டரை மாற்றச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மின்சார ஃபேன் என்றால் முதலில் ஃப்யூஸ், அப்புறம் ரிலே, அப்புறம் ரேடியேட்டரில் திருகியிருக்கும் தெர்மோ ஸ்விட்ச் (சூடு ஏறினால் ஃபேனைப் போடுவது). ஸ்விட்சின் பிளக்கைக் கழற்றி அதில் இருக்கும் இரண்டு கம்பிகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துப் பாருங்கள் (பழைய வண்டிகளுக்கு மட்டும் இது). ஃபேன் சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, ஸ்விட்ச்தான் போய்விட்டது, அது மலிவான சாமான். சுற்றாவிட்டால் பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு நேரடியாகக் கம்பி கொடுத்துப் பாருங்கள், அப்போதும் அசையாவிட்டால் மோட்டார் போயிற்று. சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று ஓடும், அதனால் விரல்களை உள்ளே விடாதீர்கள். பெல்ட்டில் ஓடும் ஃபேன் உள்ள பக்கிகளில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஊருக்குள்ள சரியாத்தான் ஓடுது. ஃபீல்ட்ஸ் ஹில் ஏறினாத்தான் முள்ளும் கூடவே ஏறுது.

முந்தின கேள்விக்கு நேர் எதிர். பைன்டவுனிலிருந்து க்லூஃப் வரைக்கும் அந்த மேட்டில் எஞ்சின் முழுச் சக்தியையும் போடுகிறது, உண்டாகிற சூட்டை ரேடியேட்டரால் வெளியே தள்ள முடியவில்லை. ஃபேன் இங்கே குற்றவாளி இல்லை. அநேகமாக ரேடியேட்டரின் உள் குழாய்கள் துருவாலும் உப்பாலும் பாதி அடைத்திருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, மின்சார ஃபேன் பிளக்கைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் கை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுட்டு இன்னொரு பக்கம் சில்லென்று இருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் ஓடவில்லை. வெளியேயும் பாருங்கள்: பூச்சி, புல் விதை, டொங்காட், வெருலம் பக்கம் இருப்பவர்களுக்குக் கரும்புக் காட்டுச் சாம்பல், எல்லாம் அந்த மெல்லிய தகடுகளுக்கு நடுவே அடைந்துகொள்ளும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன் பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், பிரஷர் மெஷின் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும்.

ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால் கீழ் ஹோஸைப் பாருங்கள். எஞ்சினை வேகமாக ஓட விடும்போது அது உள்ளே சப்பிக்கொண்டால் தண்ணீர் போகாது, ஹோஸை மாற்ற வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிற சக்கரமும், பின்தங்கிப்போன இக்னிஷன் டைமிங்கும் கூட இதே அறிகுறியைக் கொடுக்கும். இன்னொன்று, மேட்டில் டாப் கியரில் முக்கி முனகி ஏறாதீர்கள். ஒரு கியர் குறைத்தால் பம்பும் வேகமாகச் சுற்றும், எஞ்சினுக்கும் பாரம் குறையும்.

தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூக்கிப் போட்டா எல்லாம் சரியாயிடும்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு. சரியா?

சரியில்லை. நம் ஆட்கள் மத்தியில் நான் அதிகம் சண்டை போடுவது இதற்காகத்தான். தெர்மோஸ்டாட் ஒரு கதவு. தண்ணீர் 82 அல்லது 87 டிகிரிக்கு வரும்வரை மூடியிருந்து எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்கி, அப்புறம் ரேடியேட்டருக்கு வழி திறக்கிறது. அதைக் கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. பெட்ரோல் அதிகம் குடிக்கும், எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து அது சேறாகும், சிலிண்டர் சுவர் சீக்கிரம் தேயும். இதெல்லாம் மெதுவாக நடப்பதால் யாரும் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிப்பதில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பல வண்டிகளில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டுகள் உண்டு. ஒன்று ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது இன்னொன்று பைபாஸ் வழியை மூடும். முழுக்கக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றினீர்கள், மேட்டில் முன்னைவிடச் சூடாகிறது!

கெட்டுப்போயிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மோமீட்டரும் போட்டு அடுப்பில் வையுங்கள். அதில் பொறித்திருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்கும்போது நன்றாக விரிந்திருக்க வேண்டும். கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே முள் உச்சிக்குப் போய், மேல் ஹோஸ் சுட்டுக் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் அது மூடியபடி மாட்டிக்கொண்டது. புதியது வாங்கும்போது ரப்பர் வளையத்தையும் சேர்த்து வாங்குங்கள். அதில் சின்ன ஓட்டை இருந்தால் அது மேல் பக்கம் வரும்படி மாட்ட வேண்டும், காற்று போகிற வழி அது.

வெறும் பைப் தண்ணி ஊத்தினா என்ன? அப்பா காலத்துல அதுதானே ஊத்தினாங்க?

அப்பா காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், ஹெட்டும் பல வண்டிகளில் இரும்பு. இப்போது ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம், வெறும் தண்ணீர் அதை உள்ளேயே அரிக்கும். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கூலன்ட்டைவிடக் கெட்டி. ஆனால் துரு, உப்புப் படிவு, சீக்கிரம் கொதிப்பது, உறைவது என்று நான்கு குறை அதற்கு உண்டு. எதிலீன் கிளைகோல் கூலன்ட்டைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் அது சுமார் மைனஸ் 37 டிகிரி வரைக்கும் உறையாது, மூடியே இல்லாவிட்டாலும் 107 வரைக்கும் கொதிக்காது. டர்பனில் உறைகிற பேச்சே இல்லை, ஆனால் ஜூலையில் ஜோபர்க் பக்கம் லெனேசியாவில் தங்கப் போகிறவர்கள் யோசிக்க வேண்டும், அங்கே ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையை வாங்குங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள், சில வகைகள் கலந்தால் கூழாகிவிடும். கலக்க வடிகட்டிய தண்ணீர் நல்லது. கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும், குழந்தை கையிலும் எட்டக் கூடாது. வண்டியிலிருந்து இறக்கிய பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

டர்பன்ல கொதிக்காத வண்டி ஜோபர்க் போனா கொதிக்குது. அங்கே குளிர்தானே மாமா?

குளிர்தான், ஆனால் உயரம். ஜோபர்க் கடல் மட்டத்துக்குச் சுமார் 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே சுமார் 94 டிகிரியிலேயே கொதிக்கும். தெர்மோஸ்டாட் 87ல் திறக்கிற வண்டியில் நடுவே மிச்சம் இருப்பது ஏழு டிகிரிதான். இதை ஈடுகட்டுவது மூடி. ஒரு பார் மூடி நன்றாக இருந்தால் வெறும் தண்ணீருக்கே டர்பனில் 120, ஜோபர்க்கில் 117, கிட்டத்தட்ட ஒன்றுதான். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த 117 நேராக 94க்கு இறங்கிவிடும். டர்பனில் 100 வரைக்கும் தாக்குப்பிடித்த வண்டி ஜோபர்க் போகும் வழியில் வான் ரீனன் கணவாயில் வாந்தி எடுப்பது இதனால்தான். கூடவே, அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, ரேடியேட்டருக்கும் காற்று அந்த அளவுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும்.

ஆகவே மூடியை மாற்றுங்கள். இத்தனை சாமான்களில் விலை குறைந்தது அதுதான், எல்லாரும் கடைசியில் பார்ப்பதும் அதைத்தான். மேலே எழுதியிருக்கும் அழுத்த எண் பழையதில் இருந்ததுதானா என்று பார்த்து வாங்குங்கள், அதிக எண் போட்டால் பழைய ஹோஸும் ஹீட்டரும் வெடிக்கும்.

தண்ணி குறைஞ்சுக்கிட்டே போகுது. ஆனா கீழே ஒரு சொட்டுகூட இல்லையே?

சூடான எஞ்சினில் சின்னக் கசிவு கீழே விழுவதற்குள் காய்ந்துவிடும், அதனால் சொட்டைத் தேடாமல் கறையைத் தேடுங்கள். வாட்டர் பம்பின் கீழ்ப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை உண்டு, உள்ளே சீல் போனால் அங்கேதான் முதலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ கறை படியும். ஹோஸ் கிளிப்புகள், பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள தகட்டு மூடிகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலையும் அலுமினியமும் சேரும் ஓரம், இவற்றையும் பாருங்கள். வண்டிக்குள் இனிப்பு வாசனை, இடது பக்கக் கால்மிதி ஈரம், கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம் என்றால் ஹீட்டர் ரேடியேட்டர் ஓட்டை. கராஜில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், குளிர்ந்த எஞ்சினில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினால் கசிவு தானே காட்டிக்கொடுக்கும். எதுவும் கசியாமல் அழுத்தம் மட்டும் இறங்கினால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு சொல்றாங்க. நம்பறதா வேண்டாமா?

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைத்து நிற்கிற தகடுதான் ஹெட் கேஸ்கெட். எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் ஆதாரம் கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் எரிந்த புகை தண்ணீருக்குள் போகிறது. தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் சூடாகி அழுத்தம் தராது. மூடி திறந்த நிலையில், குளிரில் ஸ்டார்ட் செய்து பார்த்தால் குமிழி விடாமல் வரும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளை ஆவி நிற்காமல் வருவது இன்னொரு அடையாளம். ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் மாதிரி இருந்தால் அதுவும் வலுவான அடையாளம். ஆனால் ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளையாக இருந்தால் அது ஆதாரம் ஆகாது, பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டியில் அப்படி வரும்.

உறுதியாகச் சொல்வது பிளாக் டெஸ்ட். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள குழாயை வைத்து உள்ளேயிருந்து வரும் காற்றை அதில் இழுப்பார்கள், எரிந்த புகை இருந்தால் நீலம் மஞ்சளாகும். அதைச் செய்யாமலே ஹெட்டைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கழற்றினால் ஹெட் வளைந்திருக்கிறதா என்று அளந்து, தேவையானால் சீவி, விரிசலுக்கு அழுத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள், கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் பூட்டினால் சில மாதத்தில் அதே கதை. நீளும் வகை போல்ட்டுகள் உள்ள எஞ்சினில் போல்ட்டும் புதிது போட வேண்டும்.

முட்டை வெள்ளைக்கரு, லீக் மருந்து இதெல்லாம்?

அத்துவானக் காட்டில் மாட்டி, வேறு வழியே இல்லாதபோது லீக் மருந்து ஊற்றி ஊர் வந்து சேரலாம். வந்ததும் முழுக்கக் கழுவிவிட வேண்டும். அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, ஹீட்டரையும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். முட்டை வேண்டாம்.

எல்லாத்தையும் மாத்தியாச்சு. ரேடியேட்டர் புதுசு, பம்ப் புதுசு, கேஸ்கெட் புதுசு. இன்னும் சூடாகுது அண்ணா!

முதலில் ஏர்லாக், அதாவது தண்ணீர் போகும் வழியில் காற்று மாட்டிக்கொள்வது. ஹீட்டரைச் சூட்டில் வைத்தும் குளிர்ந்த காற்று வந்தால் அதுதான். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, குளிர்ந்த எஞ்சினில் மெதுவாக ஊற்றி, ஹோஸ்களைக் கையால் பிசைந்து பிசைந்து காற்றை வெளியே தள்ளுங்கள். தண்ணீர் மட்டம் இறங்குவது நின்றதும் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, முழுக்க ஆறியபின் குறைந்ததை நிரப்புங்கள்.

ஏர்லாக் இல்லையென்றால் யாரும் பார்க்காத இடங்களைப் பாருங்கள். ஃபேன் கம்பி மாறி மாட்டப்பட்டு எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா? ஒரு தாளை ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தால் அதை உள்ளே இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு கழற்றி வைத்தபடியே விட்டுப்போயிற்றா? அது இல்லாவிட்டால் ஃபேன் காற்றை நான்கு பக்கமும் சிதறடிக்கும். சைலன்சர் வழியில் அடைப்பு இருந்தாலும் எஞ்சின் காயும், வண்டியில் இழுவையும் குறைந்திருக்கும்.

அப்புறம் மீட்டரே பொய் சொல்லலாம். ஹெட்லைட் போட்டவுடன் முள் ஏறினால் எர்த் கம்பி சரியில்லை. டெம்பரேச்சர் முள்ளும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்தே ஏறினால் டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள வோல்டேஜ் ஸ்டெபிலைசர் போய்விட்டது, எஞ்சினில் ஒன்றும் இல்லை. சந்தேகம் வந்தால் தூரத்திலிருந்து சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டரை தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் செலவு செய்யுங்கள்.

இவ்வளவு பழைய வண்டிக்கு ஹெட் வேலை செய்யறது லாபமா?

டாஸ் தயாரிப்பு 2006ல் நின்றது, சிட்டி கோல்ஃப் 2009ல், 1400 பக்கி 2008ல். ஆனால் சாமான் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது, விலையும் கட்டுப்படியாகும், இந்த எஞ்சின்களைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுகிற ஆட்களும் ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் இருக்கிறார்கள். அதனால் எஞ்சினைவிட உடம்பைப் பாருங்கள். டர்பன் உப்புக் காற்றில் தளமும் முன் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடமும் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் ஹெட்டில் காசு போடாதீர்கள். உடம்பு கெட்டியாக இருந்து, ஆயில் புகை இல்லாமல், பாதிக்கப்படாத சிலிண்டர்களில் கம்ப்ரஷனும் ஒரே அளவில் இருந்தால் தாராளமாகச் செய்யலாம், செய்யும்போதே தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ்கள், பெல்ட், பம்ப் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், பிரித்த கையோடு மாட்டினால் கூலி ஒரே கூலிதான். ஹெட்டில் விரிசல் என்று வந்தால் வெல்டிங் வேண்டாம், சோதித்த பழைய ஹெட் ஒன்று ஸ்கிராப்யார்டில் வாங்குங்கள், வாங்கும் முன் அதையும் அழுத்தச் சோதனைக்குக் கொடுங்கள்.